கணினித் தமிழில் எழுத்து வழக்கு

எழுத்துப் பிழையை மனிதன் பொறுத்துக்கொண்டு படிப்பான். எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கும் பொறி பொறுக்காது. ஆதலின், கணினித் துறைச் சொற்களை எவ்வாறு ஆக்குவது, எவ்வாறு எழுதுவது என்னும் வாதத்தைப் புலவர் பூசல் என்று நம் குடும்பத்தார் ஒதுக்கிவிடல் ஆகாது. அவ்வாதத்தின் பயனும் பழியும் நம் பிள்ளைகளின் பெயர்களையே வந்தடைகின்றன.

அப்பொறியின் பெயரிலேயே வழக்குத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் முதலில் பெரிதும் வழங்கியது கணிப்பொறி. பின்னர்க் கணினி மேலோங்கியது. ஈழத்திலோ கணனி என்பது நெடுங்காலம் வழங்கிற்று. கணனம் என்னும் சொல்லைக் காட்டி அதற்கு நியாயம் கூறுவோரும் உளர். ஆயினும் 'கணி' என்னும் வினை நம் சிறுவர்க்கும் விளங்குவது. அதனின்று பிறந்த கணினியே கற்போர்க்கு எளிது. அறிவியல் தமிழுக்கு வாழ்நாளை ஈந்து 2017ஆம் ஆண்டில் மறைந்த நம் மணவை முஸ்தபா அவர்களும் இத்துறைக்கெனத் தொகுத்த களஞ்சிய அகராதியில் கணினி என்றே ஆண்டார்.

இணையதளமா, இணையத்தளமா என்பது மற்றொரு வழக்கு. இதற்கு இலக்கணமே தீர்ப்பளிக்கும். மரமும் கிளையும் சேர்ந்து மரக்கிளை ஆவது போல, மகர ஈறு கெட்டு வல்லினம் மிகும், இணையத்தளமே முறை. செய்தித்தாள்கள் பல ஒற்றை விட்டெழுதுவதால் விதி மாறிவிடாது.

இவ்வகைப் பிணக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியிலும் இதே பொறிக்கு ஹாசூப் என்பாரும், ஹாஸிப் ஆலீ என்பாரும், கும்பியூத்தர் என்பாரும் உளர். அம்மொழியில் பகர வல்லோசைக்கு எழுத்தில்லை. 'பா' என்னும் தன் மெல்லோசை எழுத்தைக் கொண்டே அதனை எழுதிக் கொள்கிறது. கெய்ரோவில் 1932ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மொழிக் கழகம் போன்றவை கலைச்சொற்களை ஆக்கித் தந்தும், மக்கள் நா தான் விரும்பியதையே ஏற்றது. அயற்சொற்கள் அரபியாகிய முறையை ஆராய்ந்து கி.பி. பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே அல்ஜவாலீகீ தனிநூல் இயற்றினார். பிறமொழிச் சொல்லை ஏற்பதனால் மொழி அழியாது. ஏற்கும் முறை அறியாமையே குழப்பம் விளைக்கும்.

இனி, நம் பெயர்களுக்கு வருவோம். கலைச்சொல்லைத் தமிழாக்கலாம்; பெயரைத் தமிழாக்குதல் இயலாது. தனித்தமிழ் ஆர்வலர் சிலர் அஹ்மதை அகமது என்றும் ரஹ்மானை இரகுமான் என்றும் எழுதுவர். அதனால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதார் அட்டையில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர் என்றாகி, ஒருவரே மூவராகி நிற்கும் நிலை நேர்கிறது. பொறியில் எழுத்தில்லை என்னும் சாக்கும் செல்லாது. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை 1991ஆம் ஆண்டின் முதற் பதிப்பு தொட்டே இடம்பெற்றுள்ளன. மேலும் பல கிரந்த எழுத்துகளை அப்பகுதியில் சேர்க்க 2010ஆம் ஆண்டில் எழுந்த முன்மொழிவே தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. 2014ஆம் ஆண்டில் கிரந்தம் தனிப்பகுதி பெற்றது.

ஆயின், பழி முழுதும் பிறர்மீது சுமத்துதல் நீதியாகாது. ஹகரம் மிகுந்தால் மார்க்கப் பற்று மிகும் என்று எண்ணுவார் போல நம்மவரும் எழுதுகின்றனர். படைத்தவன் என்னும் பொருளுடைய 'காலிக்' என்பதை 'ஹாலிக்' என்று எழுதுதல் இன்று பரவலாகக் காணப்படுகிறது. அரபியில் அவ்வொலி 'அழிந்துபோகக் கூடியவன்' என்னும் பொருளுக்கு இடந்தரும். அப்துல் காலிக் என்று பெயரிட்டுவிட்டு அப்துல் ஹாலிக் என்று பதிவு செய்தல் எத்துணைப் பெரிய பிழை! ஈண்டுக் ககரமே மெய்ம்மைக்கு அணித்து.

தமிழ் எழுத்தால் அரபியின் எல்லா ஒலிகளையும் காட்ட இயலாது. ஹகரம் ஒன்றே அதன் இரண்டு எழுத்துகளுக்கு நிற்க வேண்டியுள்ளது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோரும் ழகர, ளகர, ணகர ஒலிகளுக்குப் புள்ளியும் குறியும் இட்டுப் புதிய வடிவங்கள் சமைத்தனர். ஆங்கில எழுத்தோ இன்னும் வறியது. கொல்லிமலையின் திண்ணனூர் நாட்டை அவ்வெழுத்தில் எழுதினால் ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். அதனை மீண்டும் தமிழாக்குங்கால் ஊர்ப் பெயரே திரிந்துபோகலாம்.

ஆகவே நாம் கொள்ளத்தக்க நெறி இதுவாகும். பொருளைக் குறிக்கும் கலைச்சொல்லில் தமிழ் வேரும் தமிழ் இலக்கணமும் ஆளட்டும். ஆளைக் குறிக்கும் பெயரில் மூலத்தின் பொருள் கெடாத ஒலி ஆளட்டும். பிள்ளை பிறந்து பெயர் சூட்டும் நாளிலேயே, அரபு அறிந்த ஒருவரிடமும் தமிழ் அறிந்த ஒருவரிடமும் கேட்டு, ஓர் எழுத்து முறையை உறுதிசெய்து, எல்லா ஆவணங்களிலும் அதனையே பதிவு செய்வோமாக. நல்ல பெயர் பிள்ளைக்குப் பெற்றோர் தரும் முதற் கொடை. அதனைச் சிதையாமல் தருதலும் அவர்தம் கடனே. வல்ல நாயன் அதற்கு அருள் புரிவானாக!