கூன் போடத் தெரிந்தவர்

சூப்பர்மேன் படம் எது வந்தாலும் இடைவேளையில் ஒரு நக்கல் கேட்காமல் போகாது: "மூக்குக்கண்ணாடி ஒண்ணைப் போட்டுக்கிட்டா ஆளை அடையாளமே தெரியாதாமா?" கேட்பவர் ஏதோ தானே கண்டுபிடித்த ஓட்டை மாதிரிதான் கேட்பார். காமிக்ஸ்காரர்களுக்கே அந்த உறுத்தல் இருந்தது. 1978 டிசம்பர் தேதியிட்ட சூப்பர்மேன் 330-ஆவது இதழில் அதற்கு ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தார்கள். சூப்பர்மேனின் சாதாரண வேஷமான கிளார்க் கென்ட்டின் கண்ணாடி வில்லைகள், அவன் குழந்தையாக வந்து இறங்கிய ராக்கெட்டின் கண்ணாடியில் செய்தவை. அவை பார்ப்பவரை வசியம் செய்து அவனை நோஞ்சானாகக் காட்டுகின்றன என்று கதை கட்டினார்கள். 2025-இல் வந்த ஜேம்ஸ் கன்னின் படத்திலும் அந்த வசியக் கண்ணாடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அதே 1978 டிசம்பரில்தான் ரிச்சர்ட் டானர் இயக்கிய 'சூப்பர்மேன்' திரைக்கு வந்தது. வசியமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம், முதுகெலும்பு ஒன்று போதும் என்று அதில் ஒரு நடிகர் நடித்துக் காட்டிவிட்டார். இத்தனை வருடமாகியும் ரசிகர் கூட்டம் அந்த ஆட்டத்தைத் தப்பாகவே படித்துக்கொண்டிருக்கிறது.

வசூல் கணக்கெல்லாம் இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு மனப்பாடம். அதை விடலாம். அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் பறக்கும் காட்சிக்குப் போய்விடுகிறார்கள். விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு ஆஸ்கர் சிறப்பு விருது வாங்கிய வேலை அது, சந்தேகமில்லை. ஸோரன் பெரிசிச் உருவாக்கிய 'ஸாப்டிக்' முறையில், நடிகருக்குப் பின்னால் இருக்கும் திரையில் வானமும் ஊரும் ஓடும். அதைக் காட்டும் புரொஜெக்டரிலும் படம்பிடிக்கும் கேமராவிலும் ஜூம் லென்ஸ் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே அளவு நகரும். பின்னணி இருந்தபடியே இருக்க, முன்னால் இருக்கும் ஆள் மட்டும் நம்மை நோக்கிப் பாய்ந்து வருவதுபோல் தெரியும். ஆள் ஒரு அங்குலம் நகர்வதில்லை. நீலத் திரைக்கு முன்னால் எடுத்த ஷாட்டுகளில் நீல உடை திரையோடு கரைந்துவிடக் கூடாது என்று, பச்சை கலந்த நீலத்தில் தனியாக ஒரு உடை தைத்தார்கள். அபாரமான வேலைதான். ஆனால் அது நடிகரின் ரன் கணக்கில் சேராது. திரும்பும் பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொடுப்பது மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. விமானம் ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தவர்.

அவருடைய நிஜமான இன்னிங்ஸ் தரையில், ஒரு வீட்டுக் கூடத்தில் நடக்கிறது.

கிளார்க்கோடு வேலை பார்க்கும் நிருபர் லோயிஸ் லேனின் வீடு. சற்று முன்தான் சூப்பர்மேன் அவளை வானமெல்லாம் சுற்றிக் காட்டிக் கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறான். கதவு தட்டும் சத்தம். கிளார்க், அவளை வெளியே கூட்டிப்போக வந்து நிற்கிறான். அவளுக்கு இன்னும் கால் தரையில் பாவவில்லை. தயாராகி வர உள்ளே போகிறாள். இவன் தனியே நிற்கிறான். கண்ணாடியைக் கழற்றுகிறான். அதை யாரும் செய்யலாம். அதற்குப் பிறகு தோள் பின்னுக்குப் போகிறது. நெஞ்சு விரிகிறது. கழுத்து, சட்டைக் காலருக்குள்ளிருந்து எழும்பி வருகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் ஒரு பிடி உயர்ந்துவிடுகிறான். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல் அடிவயிற்றிலிருந்து வருகிறது. உண்மையைச் சொல்லிவிடப் போகிறான். அவள் என்னவென்று கேட்கிறாள். அவ்வளவுதான், தைரியம் போய்விட்டது. கண்ணாடி மூக்கில் ஏறுகிறது, தோள் முன்னுக்குச் சரிகிறது, குரல் மேலே போய்த் தடுமாறுகிறது. அதே கோட், அதே டை, அதே வெளிச்சம். அவன் நிமிர்வதற்கு நடுவே ஒரு வெட்டுக்கூடக் கிடையாது.

வெட்டு இல்லாததுதான் இங்கே முக்கியம். காமிக்ஸ் பக்கத்தில் இந்த உருமாற்றத்தைச் செய்வது, இரண்டு கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளி. ஒரு கட்டத்தில் கிளார்க் டையைத் தளர்த்துகிறான். அடுத்ததில் சூப்பர்மேன் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறான். நடுவில் நடந்ததை வாசகரின் மனசே நிரப்பிக்கொள்ளும். 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் இந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்த கிளீவ்லாந்து இளைஞர்கள் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருமே கண்ணாடி போட்டவர்கள். 130 டாலருக்கு உரிமையை எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு நெடுங்காலம் அல்லாடியவர்கள். கூச்சத்தோடு நிற்கும் கிளார்க் எங்கிருந்து வந்தான் என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவையில்லை.

சினிமாவில் அந்த வெள்ளை இடைவெளிக்குப் பதிலாக 'கட்' இருக்கிறது. பெரும்பாலான இயக்குநர்கள் அதில்தான் ஒதுங்குவார்கள். டானரும் ஒதுங்கியிருக்கிறார்: உடை மாற்ற இடம் தேடும் கிளார்க், பாதி உயரமே உள்ள திறந்த டெலிபோன் பூத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சுழல்கதவுக்குள் புகுந்து, சுழன்ற வேகத்தில் சூப்பர்மேனாக வெளியே வருகிறான். நல்ல தமாஷ். ஆனால் கூடத்துக் காட்சியில் நடிகர் அந்த வெள்ளை இடைவெளியையே நடித்துக் காட்டுகிறார்.

தமிழ் ரசிகருக்கு இரட்டை வேடம் புதிதா என்ன! அண்ணனுக்கு மீசை, தம்பிக்குக் கன்னத்தில் மரு. ஆனால் அங்கே இருப்பது நிஜமாகவே இரண்டு பேர். இங்கே இருப்பது ஒரே ஆள். அவன் இன்னொருவனாக நடிக்கிறான். அவன் நடிப்பது லோயிஸுக்குத் தெரியக் கூடாது, நமக்குத் தெரிய வேண்டும். நமக்கும் அளவுக்கு மீறித் தெரிந்துவிட்டால் அது கோமாளிக்கூத்து. எவ்வளவு கசியவிடுவது என்று நொடிக்கு நொடி எடுக்க வேண்டிய முடிவு இது. டெஸ்ட் மேட்சில் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போகிற பந்தை மட்டையைத் தூக்கி விட்டுவிடுகிற ஆட்டக்காரரை நினைத்துக்கொள்ளலாம். ஸ்கோர் புத்தகத்தில் அதற்கு ஒரு புள்ளிதான். கேலரியில் கைதட்டு கிடையாது. ஆனால் முதல் மணி நேரத்தில் அணி விழாமல் நிற்பது அந்தப் புள்ளிகளால்தான்.

சந்துக்குள் நடக்கும் வழிப்பறிக் காட்சியைத் திரும்பப் பார்த்தால் இந்த முடிவுகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். திருடன் சுடுகிறான். கிளார்க் தோட்டாவைக் கையால் பிடித்துவிட்டு, மயக்கம் போட்டு விழுந்தவன்போல் விழுகிறான். பிறகு கூட இருக்கும் லோயிஸ் பார்க்காத நேரத்தில் கையிலிருக்கும் தோட்டாவைப் பார்த்துச் சின்னதாக ஒரு சிரிப்பு. அது முதல் கசிவு. கொஞ்ச தூரம் நடந்ததும், போயும் போயும் இந்தச் சாமானுக்காகவா உயிரைப் பணயம் வைத்தாய் என்று அவளைக் கடிந்துகொள்கிற சாக்கில், அவள் கைப்பைக்குள் எத்தனை டாலர் இருக்கிறது, என்னென்ன பொருள் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறான். இரண்டாவது கசிவு. அவள் திகைத்துத் திரும்புவதற்குள் ஆள் மறுபடி அசடு. இவ்வளவையும் செய்தவருக்கு டைட்டிலில் மூன்றாவது இடம். அப்பாவாகவும் வில்லனாகவும் வந்த பெரிய நட்சத்திரங்களுக்குப் பின்னால்.

எதிர்க்கட்சிக்காரர்கள் உடம்பைக் காட்டுவார்கள். ஆறடி நான்கு அங்குல உயரம், மாதக்கணக்கில் பளு தூக்கி ஏற்றிய தசை, நிமிர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்பார்கள். உடைக்குள் பொய்த்தசை வைக்க வேண்டாமென்று மறுத்து அவர் உடற்பயிற்சி செய்தது உண்மைதான். பயிற்சி கொடுத்தவரே 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கறுப்பு முகமூடி வில்லனின் உடம்பாக நடித்த பளுதூக்கும் வீரர். ஆனால் அந்த வாதத்தை உடைக்க ஒரு பழைய ஃபிலிம் துண்டு இருக்கிறது. 'சூப்பர்மேன் 2' படத்தின் பாதியில் டானரை விலக்கிவிட்டு வேறொருவர் முடித்தார் என்பது தெரிந்த கதை. டானரின் வடிவம் 2006-இல் டிவிடியாக வந்தபோது, அவர் எடுக்காமல் விட்ட ஒரு காட்சிக்குப் பதிலாக ஸ்கிரீன் டெஸ்ட்டை ஒட்டினார்கள். ஹோட்டல் அறையில் லோயிஸ் துப்பாக்கியால் கிளார்க்கைச் சுட்டு, அவன் யாரென்று வெளியே கொண்டுவரும் காட்சி. வெவ்வேறு சமயத்தில் எடுத்த இரண்டு டெஸ்ட்டுகள் என்பதால் ஷாட்டுக்கு ஷாட் தலைமுடியும் கண்ணாடியும் உடம்பின் பருமனும் மாறுகின்றன. சில ஷாட்டுகளில் தசை ஏறுவதற்கு முந்தைய ஒல்லி உடம்பு. அந்த ஒல்லி உடம்பும் கூன் நிமிர்ந்து சூப்பர்மேன் ஆகிறது. எடை அதே, நிற்கிற விதம்தான் வேறு.

1983-இல் வந்த மூன்றாம் பாகத்தைப் பலரும் ஒதுக்கிவிட்டார்கள். போகட்டும். ஆனால் பழைய இரும்புக் கிடங்கில் கெட்டுப்போன சூப்பர்மேனும் கிளார்க்கும் மோதிக்கொள்ளும் சண்டையை மட்டும் இந்தப் பத்தி யாருக்கும் விட்டுக்கொடுக்காது. அதில் ஜெயிப்பது கண்ணாடிக்காரன்.

பேட்மேன் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. டிம் பர்ட்டனின் 1989 படத்தில் முகமூடியும் கழுத்தும் தோளும் ஒரே ரப்பர் வார்ப்பு. நடிகரால் தலையைத் திருப்ப முடியாது. அவர் இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பினார். அதுவே அந்தப் பாத்திரத்தின் மிரட்டலாகிவிட்டது. 2008-இல் கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட்' தலை திரும்பும் முகமூடியைக் கொடுத்தது. அதைக் கதைக்குள்ளேயே நாயகன் கேட்டு வாங்குவான். வசதி கூடியது, ஆட்டம் கூடியதா என்பது வேறு கேள்வி. 'வி ஃபார் வெண்டெட்டா' படத்தில் நாயகனின் சிரித்த முகமூடி கடைசிவரை கழலவில்லை. படப்பிடிப்பு சில வாரம் ஓடியபின் உள்ளே இருந்த ஆளே மாறினார். குரலைப் பின்னால் டப்பிங்கில் ஏற்றினார்கள். திரையில் தையல் தெரியவில்லை. முகம் இல்லாமலேயே பாத்திரம் நிற்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதற்கு நேர்மாறான வழியை 2008-இல் ஜான் ஃபேவ்ரூவின் 'அயர்ன் மேன்' திறந்துவிட்டது. இரும்புத் தலைக்கவசத்துக்கு உள்ளே கேமராவைக் கொண்டுபோய், கண்ணுக்கு முன்னால் மிதக்கும் விளக்கெழுத்துகளுக்கு நடுவே முகத்தைக் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு அது பொருந்தியது. பின்னால் வந்தவர்கள் முகமூடியைக் கதவாக்கிவிட்டார்கள். வசனம் வந்தால் திறக்கும், குத்து விழுந்தால் மூடும். முகத்துக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு முகத்தை மூடுவானேன் என்ற தயாரிப்பாளர் கணக்கு புரிகிறது. நடிகருக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை.

விருதுக்காரர்களின் கண்ணும் அதே பக்கம்தான். ஜோக்கர் என்ற ஒரே காமிக்ஸ் வில்லன் இரண்டு நடிகர்களுக்கு நடிப்புக்கான ஆஸ்கர் வாங்கித் தந்திருக்கிறான், 2008 படத்துக்கு ஒன்று, 2019 படத்துக்கு ஒன்று. இரண்டும் தகுதியான விருதுகள்தான். ஆனால் கொட்டித் தீர்க்கிறவருக்குக் கிடைப்பது அடக்கி வைக்கிறவருக்குக் கிடைப்பதில்லை. அடக்கியது வெளியே தெரிந்தால் அடக்கியதாக ஆகாது அல்லவா?

இனி நடக்கப்போவதைப் பார்ப்போம். அடுத்த சூப்பர்மேன் படத்திலும் கூன் நிமிரும் ஷாட் ஒன்று கட்டாயம் இருக்கும். ரசிகர்கள் கேட்கிறார்கள், வைக்காமல் விடமாட்டார்கள். ஆனால் நிமிர்கிற நேரத்தில் பாதியில் எதிராளியின் முகத்துக்கு வெட்டிவிடுவார்கள். இன்னும் சில வருடத்தில் அந்த நிமிர்வையே கம்ப்யூட்டர் செய்து கொடுக்கும். தோளை இவ்வளவு ஏற்று, உயரத்தை இரண்டு அங்குலம் கூட்டு என்று சொன்னால் போதும். தோள் ஏறும், மூச்சு ஏறாது. கூர்மையான ரசிகர் முதல் நாள் முதல் காட்சியிலேயே கண்டுபிடித்துவிடுவார். தலைக்கவசங்கள் இன்னும் அடிக்கடி திறக்கும். மூன்றாவது ஆஸ்கரும் ஏதாவது ஒரு வில்லனுக்கே போகும். இவற்றில் பந்தயம் கட்டலாம்.

இன்னொன்று பந்தயத்தில் சேராது, ஆசைக் கணக்கு. யாராவது ஒரு இளம் இயக்குநர் ஆள் தேடும்போது பறக்கும் உடையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, வந்தவர்களிடம் கண்ணாடியையும் தொளதொளத்த கோட்டையும் மட்டும் கொடுத்து, ஓர் ஆபீஸ் மேஜைக்கு முன் பத்து நிமிடம் உட்காரச் சொல்லிப் பார்ப்பார். பாதிப் பேர் அங்கேயே அவுட்.

அதுவரைக்கும் 1978 படம் கையில் இருக்கிறது. பறக்கும் காட்சியைத் தாண்டி, கதவு தட்டும் சத்தத்திலிருந்து போட்டுப் பாருங்கள். ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை, கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் ஒருமுறை.