புரட்டாசியில் பார்ப்பதும் தையில் எண்ணுவதும்

உசிலம்பட்டி வட்டாரத்துக் கண்மாய்கள் பலவற்றில் புரட்டாசியில் தண்ணீர் இருக்காது. ஐப்பசி மழை பிடித்து, வைகை அணையில் நீர்மட்டம் ஏறி, ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாயில் தண்ணீர் திறந்தால்தான் இங்கே மடைகளுக்கு வேலை. கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் பறவையும் இல்லை என்பது மதுரைச் சீமையில் பறவை பார்க்கிறவர்கள் பலரின் கணக்கு. பைனாகுலரோடு கிளம்புகிறவர்கள் சாமநத்தத்துக்கும் வண்டியூருக்கும் போவார்கள். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் வேட்டங்குடி. செக்கானூரணியைத் தாண்டி மேற்கே வருகிறவர்கள் அரிது.

ஆனால் வலசை கண்மாய் நிறையும்வரை காத்திருப்பதில்லை. விதைப்புக்காக டிராக்டர் புரட்டிப்போட்ட மானாவாரிக் காட்டில் மஞ்சள் வாலாட்டிகள் பூச்சி பொறுக்கிக்கொண்டு திரியும். மின்கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசை கட்டும். முள்வேலி நுனியில் பழுப்புக் கீச்சான் உட்கார்ந்து நாலு பக்கமும் நோட்டம் விடும். சோளக்காட்டின் மேல் சூறைக்குருவிக் கூட்டம் எழுந்து மடியும்; அது மத்திய ஆசியாவின் புல்வெளிகளிலிருந்து வந்த கூட்டம். ஐப்பசி பிறந்தால் தரிசுகளின் மேல் தாழப் பறந்து தேடும் பூனைப்பருந்து. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்த ஆறுமணிக்குருவி இரவோடு இரவாகப் பறந்துவந்து, களைத்துப்போய், சில சமயம் வீட்டு முற்றத்திலேயே விழுந்து கிடக்கும். இவற்றில் ஒன்றுக்குக்கூட கண்மாய் நிறைய வேண்டியதில்லை.

இந்தப் பறவையினங்களில் ஒரு பகுதி இன்னும் தெற்கே போகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதைக் கடந்தால் இலங்கை. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்கு அப்பால் அண்டார்க்டிகா வரை வெறும் கடல். தரைப்பறவைக்கு அதற்குமேல் போக இடமில்லை. இரண்டு கரைகளிலும் பறவை பார்க்கும் வழக்கம் வேறு வேறாக வளர்ந்ததற்கு வேர் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அங்கே வருகிற பறவை தங்கிவிடுகிறது. பங்குனி வரை ஆற அமரத் தேடிப் பார்க்கலாம். இங்கே வருகிறவற்றில் பல, நாலைந்து நாள் இரை தேடிவிட்டு நகர்ந்துவிடும். அந்த நாலைந்து நாளில் பார்க்காதவருக்கு அவை வந்ததே தெரியாது.

நுவரெலியாவில் ஊர் நடுவில் இருக்கிற விக்டோரியா பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிற சாதாரணப் பூங்கா; உள்ளே அழுக்கேறிய ஓடை ஒன்று ஓடுகிறது. அந்த ஓடையோரப் புதர்களைப் பார்க்க உலகெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள். காரணம், காஷ்மீர் ஈப்பிடிப்பான். காஷ்மீரை ஒட்டிய மலைக்காடுகளில் கூடு கட்டும் இந்தச் சின்னஞ்சிறு பறவை, குளிர்காலத்தை இலங்கையின் மலைநாட்டிலும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கழிக்கிறது. ஆறுமணிக்குருவியும் அதே பூங்காவில் சருகு கிளறித் திரியும். வந்த பறவை ஒரே மூலையில் மாதக்கணக்கில் நிலைகொள்வதால், எந்த மரத்தடியில் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்று அங்குள்ள வழிகாட்டிகள் அறிவார்கள். இந்தியத் துணைக்கண்டத்தின் நீளத்தையே கடந்துவரும் அந்தப் பறவையை வழியில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கடைசி நிறுத்தத்தில் அதற்கு இருக்கும் கவனிப்பில் கால்வாசிகூட வழிநெடுக இல்லை.

இலங்கையின் பழக்கத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. தோட்டத் துரைமார்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் தொடங்கிவைத்த பொழுதுபோக்கு அது. 1943-ல் சிலோன் பறவைக் கழகம் உருவானது. உறுப்பினர்கள் எந்தப் பறவையை எந்த இடத்தில் எப்போது பார்த்தார்கள் என்பதைக் குறிப்பிதழாகத் தொகுத்து வெளியிடும் வழக்கத்தை அது வளர்த்தது. 1976-ல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியல் குழு தோன்றியபின், மேட்டுக்குடியின் வேலியைத் தாண்டி மாணவர்களும் ஆசிரியர்களும் உள்ளே வந்தார்கள். ஆள் குறைவு, ஆனால் தொடர்ச்சி அறாத பதிவு. அங்கே நான் பொறாமைப்படுவது இதைப் பார்த்துத்தான்.

நம் பக்கம் வேலை பெரிய அளவில் நடந்தது. சாலிம் அலி வழிநடத்த, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959-ல் வலசை ஆய்வைத் தொடங்கியது. கோடிக்கரையில் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடும் பணி அதன் வழியாகவே வேரூன்றியது. இப்போது மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடற்காகங்களின் முதுகில் ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி, அவை ரஷ்யாவின் ஆர்க்டிக் ஓரம் வரை போய்த் திரும்புவதைப் பின்தொடர்கிறார்கள். இவையெல்லாம் நிபுணர்களின் வேலை. சாதாரண ஆர்வலரின் வேலை என்று பார்த்தால், தமிழ்நாட்டில் அது 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. அதையொட்டி ஜனவரியிலேயே ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் வரும். ஊர்க் கண்மாய்க் கரையில் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் நின்று எண்ணி, அன்றைக்கே ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுகிறார்கள். இவ்வளவு பேர் கலந்துகொள்ளும் பழக்கம் அருமையானது.

அதன் காலத்தைப் பற்றித்தான் என் கவலை. தை மாதத்தில் எண்ணினால் தங்கிவிட்ட பறவைகளின் கணக்கு கிடைக்கும். இலங்கைக்கு அது முழுமையான கணக்கு. அங்கே வந்தவை அங்கேதான் இருக்கும். கண்மாய் நிறைந்த வேட்டங்குடிக்கும் அது பொருந்தும். மானாவாரி நிலமும் மலையடிவாரமுமாக இருக்கும் உசிலம்பட்டிக்குப் பொருந்தாது. புரட்டாசி, ஐப்பசியில் இவ்வழியாகப் போனவை தை பிறக்கும்போது வேறெங்கோ இருக்கும். ஜனவரிப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒருவர், இந்தப் பக்கம் வலசைப் பறவை அதிகம் இல்லை என்று எழுதினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

எப்படிப் பார்க்கிறோம் என்பதிலும் வேறுபாடு இருக்கிறது. இலங்கையின் யால, புந்தல, குமண போன்ற தேசியப் பூங்காக்களில் ஜீப்பில் அமர்ந்தபடிதான் பார்க்க வேண்டும். அனுமதிக் கட்டணம், வண்டி வாடகை, வழிகாட்டிக்குச் சம்பளம் என்று செலவு ஏறும். வடக்கு அப்படி இல்லை. போர் முடிந்த 2009 வரை மன்னார்ப் பக்கம் யாரும் நிம்மதியாகப் போக முடியவில்லை. இப்போது மன்னார்த் தாம்போதியில் வண்டியை நிறுத்தினால் இருபக்கமும் சேற்றுவெளி. வங்காலையில் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் ஆயிரக்கணக்கில் இறங்குகின்றன. 2010-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. ஆனாலும் அங்கே ஸ்கோப்போடு நிற்பவர்களில் பலர் கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்கள். பக்கத்து வயலில் வேலை செய்கிறவருக்கு இதில் பங்கு மிகக் குறைவு.

மதுரைப் பக்கத்தில் டிக்கெட்டும் கிடையாது, ஜீப்பும் கிடையாது. ஆனால் கண்மாய் என்பது நிறையப் பேருடையது. ஆயக்கட்டு விவசாயி, ஆடுமாடு மேய்ப்பவர், மீன்பாசி குத்தகை எடுத்தவர் எல்லாருக்கும் அதில் உரிமை உண்டு. வளர்த்துவிட்ட மீனைக் கொக்கும் நீர்க்காகமும் தின்றால் குத்தகைக்காரர் வெடி போட்டு விரட்டுகிறார். அவருக்கு அது நஷ்டக் கணக்கு. பறவை பார்க்கப் போகிறவர் இவர்கள் எல்லாரிடமும் பேசித்தான் கரையில் நிற்க வேண்டும். அது தொல்லை என்று நான் நினைக்கவில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1977-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவிப்பதற்கு முன்பே ஊர் அந்த முடிவை எடுத்திருந்தது. வேலி போட்டுக் காக்கும் எந்தப் பூங்காவும் இப்படி ஒரு கட்டுப்பாட்டை உண்டாக்கிவிட முடியாது. இலங்கை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இது.

நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தேதி போட்டு எழுதும் பழக்கம். ஒரு நிலத்துக்கு ஆபத்து வரும்போதுதான் அதன் மதிப்பு தெரிகிறது. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டியில் ஏறத்தாழ 250 பறவையினங்கள் இருப்பதாகவும், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு போன்ற வேட்டைப் பறவைகள் அங்கே வாழ்வதாகவும் சேர்ந்த பதிவுகள், 2022 நவம்பரில் அது தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டபோது எடுத்துச் சொல்லப்பட்டன. 2024-ல் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அந்தப் பகுதியைத் தொட்டபோது மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. திரண்ட மக்களின் பலம்தான் அதில் முதன்மையானது. ஆனால் கையில் பட்டியல் இருந்ததால் அவர்கள் பேச்சுக்கு ஆதாரமும் இருந்தது. மன்னாரில் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனவர்களும் வலசைப் பாதையின் பதிவுகளைத்தான் முன்வைத்தார்கள். அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்த நிறுவனம் 2025-ல் விலகியதற்கு மின்சார விலைப் பிணக்குதான் காரணம் என்றாலும், பறவைகள் எந்த வழியாக வருகின்றன என்பதை நாடே பேசும்படி செய்தது அந்தப் பதிவு.

உசிலம்பட்டிக்கு மேற்கே கணவாயைத் தாண்டினால் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. நாளைக்குக் கணவாயின் இந்தப் பக்கமும் ஏதாவது திட்டம் வரலாம், அல்லது தரிசுகள் வீட்டுமனைகளாகலாம். புரட்டாசியில் இங்கே என்ன பறக்கிறது என்று கேட்டால் காட்ட நம்மிடம் தாள் இல்லை.

அதற்கு ஸ்கோப்பும் வேண்டாம், சரணாலயமும் வேண்டாம். ஆவணி கடைசியிலிருந்து கார்த்திகை வரை, வாரத்துக்கு ஒரு காலை, ஒரே தரிசு, ஒரே பாதை, ஒரு மணி நேரம். வந்ததை எழுதுவதுபோல, வராததையும் எழுத வேண்டும். நீலவால் பஞ்சுருட்டான் உசிலம்பட்டிக் கம்பியில் உட்காரும் முதல் நாளும், மன்னாரில் அது தென்படும் முதல் நாளும் பத்து வருஷம் அருகருகே எழுதப்பட்டால், அந்தக் கூட்டங்கள் நம் மானாவாரிக் காட்டில் எத்தனை நாள் இரை தேடிவிட்டுக் கடலைக் கடக்கின்றன என்று இரண்டு கரைக்காரர்களும் சேர்ந்து கணக்குப் பார்க்க முடியும்.