புற்றும் டப்பாவும்

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குப் பழமொழி. மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் அது அன்றாட நடப்பு. செனகலில் தொடங்கி உகாண்டா வரை பரவியிருக்கும் பால் பைத்தான் என்ற மலைப்பாம்பு, பகலெல்லாம் கறையான் புற்றிலோ எலி வளையிலோ கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வெளியே தலைகாட்டும். மிரண்டால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ‘பால்’ (ball, பந்து) என்ற பெயர் வந்தது அதனால்தான். சாதுவான பிராணி, பெரும்பாலும் ஐந்தடிக்கு மேல் வளராது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு அது போய்ச் சேர்ந்ததற்கு இந்த இரண்டு குணமும் போதுமாயிருந்தன.

அதை எதில் வைத்து வளர்ப்பது என்பதில் அங்கே இரண்டு கட்சிகள். ஒரு கட்சி ரேக்கை நம்புகிறது: அலமாரியில் இழுப்பறைகள் போல அடுக்கிய பிளாஸ்டிக் டப்பாக்கள், பின்பக்கத்தில் அல்லது அடியில் சூடேற்றும் பட்டை. 1992இல் அமெரிக்காவில் முதல் அல்பினோ (நிறமியற்ற) பால் பைத்தான் குட்டிகள் பொரித்ததிலிருந்து நிறவகைகளுக்கான சந்தை பெருகியது. நூற்றுக்கணக்கில் பாம்பு வைத்திருந்தவர்களுக்கு ரேக் வசதியாகிப்போனது. எதிர்க்கட்சி, நாலடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் கொண்ட பெட்டிக்குள் மண், கிளை, விளக்கு என்று ஒரு சிறு காட்டையே, அதாவது விவேரியத்தை, அமைக்கச் சொல்கிறது.

ரேக் கட்சியின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இது வளையில் வாழும் பாம்பு, டப்பாவும் இருட்டான வளைதான், திறந்த வெளியில் வைத்தால் பயந்து இரையை மறுக்கும் என்கிறார்கள். தின்கிறது, சட்டை உரிக்கிறது, முட்டையிடுகிறது, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் சான்றாக வைப்பவை பலவீனமானவை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் தாக்குப்பிடிக்கும் பிராணி இது. செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண் பாம்பு 2020இல் முட்டையிட்டது. இவ்வளவு சகித்துக்கொள்ளும் உடல், சூழல் சரியில்லை என்பதை வெளியே காட்டவே வருடங்கள் ஆகலாம். அது உயிரோடு இருப்பதை நலமாக இருப்பதற்கான அத்தாட்சியாக எப்படி எடுத்துக்கொள்வது?

வளைதானே என்ற வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. வளைக்கு வாசல் உண்டு. தென்கிழக்கு நைஜீரியக் காடுகளில் நடந்த ஆய்வில், பெண் பாம்புகளைவிட ஆண் பாம்புகள் அதிகமாகப் பறவைகளைத் தின்பது தெரியவந்தது. வளைக்குள் முடங்கிக் கிடக்கும் பாம்பிடம் பறவை தானாக வந்து மாட்டாது, பாம்புதான் மரமேறியிருக்க வேண்டும். 2021இல் மியூனிக் ஆய்வாளர்கள் ரேக்கையும் விவேரியத்தையும் ஒப்பிட்டபோது, இடம் கிடைத்த பாம்புகள் ஏறின, மண்ணைத் தோண்டின, விளக்கடியில் குளிர்காய்ந்தன. டப்பாவில் இவற்றைச் செய்ய வழியே இல்லை. பெரிய இடம் பயமுறுத்தும் என்பதும் பாதி உண்மைதான். வெறுமையாக விட்ட பெரிய இடம் பயமுறுத்தும். உடம்பு இறுக்கமாகப் பொருந்தும் மறைவிடங்கள் சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இருந்தால் அந்த வாதம் நிற்பதில்லை.

இப்போது சூட்டுக்கு வருவோம். நோயும் சாவும் பெரும்பாலும் நுழைவது இந்த வழியாகத்தான். பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. இரை செரிக்க வேண்டுமா, சூடான இடத்துக்கு நகரும். போதும் என்றால் விலகும். எனவே ஒரு பெட்டியை எடைபோட என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்த நகர்வுக்கு அதில் வழி இருக்கிறதா? சூடான முனையில் பாம்பு படுக்கும் பரப்பு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனை 24 முதல் 27 வரை, இடையில் சீரான இறக்கம். இது இல்லாவிட்டால் காடு போல அலங்கரித்த பெட்டியும் சிறைதான்.

ஹீட் மேட் எனப்படும் சூட்டுப் பாயைக் கடைக்காரர்கள் நெடுங்காலமாக இந்தப் பாம்புக்கென்றே விற்கிறார்கள். அடிவயிற்றில் சூடு பட்டால்தான் செரிக்கும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். புற்றை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அங்கே சூடு மேலிருந்து, வெயிலிலிருந்து வருகிறது. கீழே போகப் போகத் தரை குளிரும். சூடு தாங்காத பாம்பு மண்ணுக்குள் இறங்குவது அதனால்தான். பாயின் மேல் வைத்த பெட்டியில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது: தப்பிக்கத் தோண்டினால் நெருப்பை நோக்கித் தோண்டுகிறது. மேலே போட்ட மரத்தூளும் மண்ணும் போர்வையாகி, அடியில் சூட்டை இன்னும் தேக்குகின்றன. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத பாய் 40 டிகிரியைத் தாண்டிவிடும். பாம்பு விலகாமல் அதன் மேலேயே கிடந்து வயிற்றுச் செதில்கள் வெந்துபோவதைக் கால்நடை மருத்துவர்கள் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். இவ்வளவு செய்தும் பாய் காற்றைச் சூடாக்குவதில்லை. குளிர்நாட்டு அறையில் வயிறு சுடும்போதே பாம்பு மூச்சிழுக்கும் காற்று குளிர்ந்து கிடக்கும். சூடேறும் செயற்கைக் கல்லைப் பற்றி விவாதமே தேவையில்லை. அதைக் குப்பையில் போட வேண்டும்.

மேலிருந்து சூடு தரும் விளக்குகளுக்கும் குறைகள் உண்டு. ஹாலஜன் பல்பின் அகச்சிவப்புக் கதிர் தோலோடு நில்லாமல் தசை வரை இறங்கும். வெயிலுக்கு மிக நெருக்கமானது அதுதான். ஆனால் இரவில் எரிய விட முடியாது. செராமிக் ஹீட்டர் வெளிச்சம் தராது, இரவுக்கு ஆகும், காற்றை உலர்த்திவிடும். இரண்டையும் கம்பிக் கூண்டுக்குள் வைக்காவிட்டால் பாம்பு பல்பையே சுற்றிக்கொண்டு சுட்டுக்கொள்ளும். எதை மாட்டினாலும் தெர்மோஸ்டாட் வேண்டும். ஹாலஜனுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை பொருந்தும். அணைத்து அணைத்துப் போடும் வகை பொருந்தாது. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்புவதைவிடக் கையை வைத்துப் பார்ப்பது மேல். அளவைச் சரிபார்க்க துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும்.

இந்த இடத்தில் விவேரியம் கட்சியையும் கண்டிக்க வேண்டியிருக்கிறது. வலை மூடி போட்ட கண்ணாடித் தொட்டி பார்க்க அழகு. குளிர்காலத்தில் சூடும் ஈரமும் அந்த வலை வழியே போய்விடும். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 60 முதல் 80 சதவீதம் தேவை. அது குறைந்தால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்ணின் மேல்தோல் ஒட்டிக்கொண்டு விடும். சதுப்பாக்கினால் வயிற்றில் கொப்புளம் வரும். இதையெல்லாம் கவனிக்காமல் கிளையும் செடியும் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்பவரின் தொட்டியைவிட, சூட்டைச் சரியாகக் கட்டுப்படுத்தும் ரேக் கட்சிக்காரரின் டப்பா மேல். பக்கங்கள் மூடிய மரப்பெட்டியோ பிவிசி பெட்டியோ இருந்தால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும்.

புறஊதா விளக்கு கட்டாயம் என்பவர்களுக்கு ஆதாரம் இன்னும் போதவில்லை. சோளப்பாம்புகளில் அது வைட்டமின் டி அளவை உயர்த்தியது; பால் பைத்தான்களில் 2013இல் சோதித்தபோது மாற்றம் தென்படவில்லை. எலியை முழுதாக விழுங்கும் பிராணிக்கு அதன் ஈரலிலிருந்தே அந்த வைட்டமின் கிடைத்துவிடுகிறது. குறைந்த அளவில், ஒதுங்க நிழல் வைத்து, விரும்பினால் போடலாம்.

வாயில் சளி, விசில் போன்ற மூச்சு என்றால் எல்லாரும் சூட்டையே குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் 2014இல் இந்தப் பாம்புகளின் மூச்சுநோயில் நிடோவைரஸ் அடையாளம் காணப்பட்டது. எனவே சூடும் ஈரமும் சரியாக இருந்தும் மூச்சு திணறினால், இன்னும் இரண்டு டிகிரி ஏற்றிப் பார்க்காமல் மருத்துவரிடம் எடுத்துப் போக வேண்டும்.

(சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் பயணிகளின் பெட்டிகளிலிருந்து இதே பாம்புகளைப் பலமுறை பிடித்திருக்கிறார்கள். துணிப்பைக்குள் திணித்துக் கொண்டுவரப்பட்ட பாம்புக்கு எந்த விவேரியமும் ஈடு செய்யாது. தவிர, சித்திரை வெயிலில் இங்கே சூடேற்றுவதைவிடக் குளிர்விப்பதுதான் பிரச்சினையாக இருக்கும்.)

என் தீர்ப்பு விவேரியத்தின் பக்கம், நிபந்தனையோடு. மூடிய பெட்டி, மேலிருந்து சூடு, இரு முனையிலும் மறைவிடம், ஏற ஒரு கிளை. ரேக்கை நோய்த் தனிமைக்கும் குட்டிகளின் முதல் மாதங்களுக்கும் ஏற்கலாம். முப்பது வருட வாழ்க்கைக்கு ஏற்க முடியாது. பெரிய பெட்டி, தெர்மோஸ்டாட் இரண்டில் ஒன்றுக்குத்தான் இந்த மாதம் பணம் இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டை முதலில் வாங்குங்கள். இரண்டுக்கும் பணம் சேரும்வரை பாம்பு வாங்காமல் இருப்பது அதைவிட நல்லது.