பாடமுறை வரட்டும், திறப்பு இங்கே இருக்கட்டும்

வட்டுக்கோட்டைச் செமினரியை மூடும் முடிவை எடுத்தவர்கள் வட்டுக்கோட்டைக்காரர்கள் அல்ல. 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய அந்த நிறுவனம் வானியலையும் கணிதத்தையும் தமிழையும் சமஸ்கிருதத்தையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பித்தது. பின்னாளில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கு படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். 1855இல் மிஷன் சபையின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் பொஸ்டனிலிருந்து ஒரு குழுவோடு வந்து பார்த்தார். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்பது அவர்களது மனக்குறை. அந்த ஆண்டே செமினரி மூடப்பட்டது. ஊரவர்களும் பழைய மாணவர்களும் விடாமல் முயன்று, 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரியாக அதை மீட்டெடுக்கப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

யாழ்ப்பாணத்துக் கதையை மட்டக்களப்பில் இருந்து எழுதக் காரணம் இருக்கிறது. கிழக்கில் போர் 2007இல் ஓய்ந்தது. பாலங்கள் வந்தன, வீதிகள் அகன்றன. அடுத்து என்ன என்று கேட்கும் புலம்பெயர்ந்த உறவுகளில் சிலர், வாவிக்கரையில் அமெரிக்கப் பாணியில், இலாப நோக்கமற்ற பல்கலைக்கழகம் ஒன்றைக் கட்டினால் என்ன என்கிறார்கள். போர் கண்ட நாடுகளில் இது புதிதல்ல. காபூலில் 2006இலும் ஈராக்கின் சுலைமானியாவில் 2007இலும் அப்படிப்பட்டவை திறக்கப்பட்டன. நம் பெண் பிள்ளைகளும் போய்ப் படித்து வந்த சிட்டகாங் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம் 2008இல் அதே பாணியில் நன்கொடையில் எழுந்தது. அந்தப் பாடமுறை இங்கே வர வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதற்கு ஆதரவு தரும் வழக்கமான முறையைத்தான் எதிர்க்கிறேன்.

முதலில் பாடமுறை. நம் நாட்டில் சாதாரண தரம் முடித்த கையோடு, பதினாறு வயதில், ஒரு பிள்ளை தன் துறையைத் தீர்மானிக்க வேண்டும். பிறகு இசட் புள்ளியும் மாவட்ட வெட்டுப்புள்ளியும் எந்தப் பீடம் என்று சொல்லிவிடும். வரலாறு படிக்க ஆசைப்பட்ட பிள்ளை வணிகம் படிக்கும்; உயிரியல் படித்த பிள்ளை நான்கு வருடத்தில் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றியும் யாரோடும் பேசியிருக்காது. அமெரிக்க முறையில் முதல் இரண்டு ஆண்டும் பல துறைகளைத் தொட்டுப் பார்த்த பிறகே முதன்மைப் பாடம் தெரிவாகும். கருத்தரங்கு வகுப்பில் பத்துப் பதினைந்து பேர். ஆசிரியர் சொல்வதைக் கேட்டு எழுதினால் போதாது. வாசித்து வந்து வாதாட வேண்டும், அந்த வாதத்தைக் கட்டுரையாக்க வேண்டும், திருத்தி வந்ததை மீண்டும் எழுத வேண்டும்.

இதன் வெளித்தோற்றம் நம்மிடம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். செமஸ்டர், கிரெடிட், ஜி.பி.ஏ. எல்லாம் நமது அரச பல்கலைக்கழகங்களில் பல ஆண்டுகளாக உள்ளன. ஆனால் ரியூசன் வகுப்பில் தொடங்கிய பழக்கம் கம்பஸ் விரிவுரை மண்டபம் வரை கூடவே போகிறது: நோட்ஸ், கடந்தகால வினாத்தாள், பரீட்சைக்கு முதல் வாரம் போட்டோக்கொப்பிக் கடையில் வரிசை. கிரெடிட்டைக் கணக்கிடும் முறை மாறியது; கற்பிக்கும் முறை மாறவில்லை. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் குந்தியிருந்து அரச வேலை கேட்ட பட்டதாரிகளை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களிடம் திறமை இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டை பிடிப்பேன். அரச வேலை தவிர வேறு வாசல் எதையும் அவர்களுடைய படிப்பு திறந்து விடவில்லை என்பதுதான் உண்மை.

போர் நடந்த மண்ணில் இந்தப் பாடமுறைக்கு இன்னொரு வேலையும் உண்டு; என் கணக்கில் அதுவே பெரிது. 1990 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இந்தக் கரையில் நடந்த படுகொலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், அடுத்த வாரம் ஏறாவூர், செப்டம்பர் 5 வந்தாறுமூலை, 9 சத்துருக்கொண்டான். வந்தாறுமூலையில் நடந்தது கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே. அகதிகளாகத் தங்கியிருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. தமிழ்ப் பிள்ளைக்கு வந்தாறுமூலையும் சத்துருக்கொண்டானும் தெரியும். முஸ்லிம் பிள்ளைக்குக் காத்தான்குடியும் ஏறாவூரும் தெரியும். தெற்கிலிருந்து வந்து இங்கே படிக்கும் சிங்களப் பிள்ளைக்கு இரண்டும் தெரியாமல் இருக்கலாம். மூவரும் ஒரே மேசையில், ஒரே சாட்சியங்களை வாசித்து, எது நிறுவப்பட்டது எது நிறுவப்படவில்லை என்று பிரித்துப் பேசும் வகுப்பு ஒன்று இந்த மாவட்டத்துக்கு இன்றியமையாதது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானதற்குக் கிழக்கின் இனமுறிவும் ஒரு காரணம். வாவியின் இரு சமூகங்களும் உயர்கல்வியிலும் வேறு வேறு வாசலால் போகப் பழகிவிட்டன. அந்தப் பழக்கத்தை உடைக்க அரசியல் மேடைகளால் முடியவில்லை. ஒரு நல்ல கருத்தரங்கு வகுப்பால் முடியும் என்று நம்புகிறேன்.

ஆனால் அப்படி ஒரு வகுப்பை நடத்தும் ஆசிரியருக்கு யார் பாதுகாப்பு? கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் 2006 டிசம்பர் 15 கொழும்பில் காணாமல் போனார். இன்றுவரை தகவல் இல்லை. அமெரிக்கப் பெயர்ப்பலகை கவசமாகும் என்பவர்கள் காபூலைப் பார்க்கட்டும். 2016 ஆகஸ்டில் அங்குள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் இரு ஆசிரியர்கள் கடத்தப்பட்டார்கள், அதே மாதம் ஆயுததாரிகள் வளாகத்துக்குள் புகுந்து மாணவர்களைச் சுட்டார்கள். 2021இல் தலிபான் வந்தபின் நிறுவனம் தோஹாவுக்குப் பெயர்ந்தது. அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் பெருமளவு தங்கியிருந்ததால், 2025இல் வாஷிங்டன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது அதன் காலும் தடுமாறியது. வட்டுக்கோட்டையில் ஒரு செயலாளரின் கருத்து மாறியது, காபூலில் ஓர் அரசின் கருத்து மாறியது. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் இடைவெளி இருந்தும் பிழை ஒன்றுதான்: முடிவெடுக்கும் அதிகாரம் கற்கும் இடத்தில் இருக்கவில்லை.

பணத்தின் ஊர் அமெரிக்கா என்பதால் மட்டும் இது நேர்வதில்லை. மட்டக்களப்பு–பொலன்னறுவை வீதியில் புனானையைத் தாண்டுகிறவர்கள் அந்தப் பெரிய கட்டடத் தொகுதியைப் பார்த்திருப்பார்கள். முன்னாள் அமைச்சர் ஹிஸ்புல்லாவின் முயற்சியில், சவூதிப் பணத்தில் எழுந்த பட்டிகலோ கம்பஸ் அது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு நாடு முழுவதும் அதைச் சந்தேகத்தோடு பார்த்தது. கொவிட் காலத்தில் அது தனிமைப்படுத்தல் நிலையம் ஆனது. 2023இல்தான் உரியவர்களிடம் திரும்பியது. சந்தேகத்தில் பெரும்பகுதி அநியாயமானது என்பது என் கருத்து. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கட்டடம் முளைத்த அளவுக்கு அதைச் சுற்றி உரித்து முளைக்கவில்லை. ஓட்டமாவடிக்கும் வாழைச்சேனைக்கும் செங்கலடிக்கும் பொதுவான சொத்து என்று நினைக்க எவருக்கும் இடம் கிடைக்கவில்லை. அதனால் நெருக்கடி வந்த நாளில் அதற்காகப் பேச மற்றச் சமூகத்தவர் முன்வரவில்லை.

நன்கொடையாளர்கள் கட்டடத்தையே விரும்புவதற்குக் காரணம் விளங்காமல் இல்லை. படம் எடுக்கலாம், பெயர் பொறிக்கலாம். 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தை ஜப்பான் உதவியில் கட்டினார்கள். கட்டி முடிந்ததும் படுவான்கரை மக்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். பல்கலைக்கழகம் அப்படி அல்ல. கட்டி முடிந்த நாளில்தான் அதன் செலவு தொடங்குகிறது. சம்பளம், நூலகம், ஆய்வுகூடம், விடுதி, புலமைப்பரிசில் என்று ஒவ்வொரு ஆண்டும் வரும். அதற்குத்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அறக்கொடை முதல் வைத்திருக்கின்றன. முதலைத் தொடாமல் ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வீதமோ ஐந்து வீதமோ எடுத்துச் செலவழிப்பார்கள். அதாவது ஆண்டுக்கு ஒரு கோடி ரூபா தேவையானால் இருபது முதல் இருபத்தைந்து கோடி முதலாக இருக்க வேண்டும். போர் கண்ட நாடுகளில் தொடங்கப்படும் பல நிறுவனங்களுக்கு இந்த முதல் இல்லை. அவை ஆண்டாண்டு வரும் மானியத்தில் ஓடுகின்றன. மானியம் குறைந்தால் கட்டணம் ஏறும். கட்டணம் ஏறினால் கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்கு அங்கே இடமில்லை. அப்போது இலாப நோக்கமற்றது என்ற சொல் பதிவுப் பத்திரத்தில் மட்டும் மிஞ்சும். இலவசக் கல்வியோடு வளர்ந்த நாட்டில் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக எழுந்த கோபத்தின் வேர் இதுதான்.

முதல் பெரிதாக இருந்தாலும் கொடுத்தவரின் கை நீளும். இந்தியாவின் அசோகா பல்கலைக்கழகம் செல்வந்தர்களின் கொடையில் 2014இல் தொடங்கி, மேலே நான் புகழ்ந்த பாடமுறையை நன்றாகவே நடத்துகிறது. 2021இல் அரசை விமர்சித்து எழுதிய பிரதாப் பானு மேத்தா, தன் இருப்பு நிறுவனத்துக்கு அரசியல் சுமையாகக் கருதப்படுகிறது என்று சொல்லி விலகினார்.

நம்மவர்களுக்கு முதல் திரட்டத் தெரியாது என்று சொல்லவே முடியாது. ஹார்வார்ட் தமிழ் இருக்கைக்கு 60 இலட்சம் அமெரிக்க டொலர் 2018இல் சேர்ந்தது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்துத் தமிழ் இருக்கைக்கு 30 இலட்சம் கனேடிய டொலர் 2021இல் சேர்ந்தது. கொத்துரொட்டி விற்று, நடைபவனி நடத்திச் சேர்த்த பணமும் அதில் உண்டு. அந்த முயற்சிகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் 60 இலட்சம் டொலருக்கு நான்கு வீதம் என்றால் ஆண்டுக்கு 2,40,000 டொலர். இன்றைய பெறுமதியில் ஏழு கோடி ரூபாவுக்கு மேல். வந்தாறுமூலையில் அந்தப் பணத்துக்கு ஒரு சிறு கல்லூரியையே நடத்தலாம்.

வந்தாறுமூலை என்று சொன்னதும் சிலர் முகம் சுளிப்பார்கள். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான அந்த நிறுவனத்தின் குறைகள் எனக்கும் தெரியும். பகிடிவதை, வேலைநிறுத்தங்கள், ஒரு புத்தகம் வாங்க மாதக்கணக்கில் அலையும் கொள்வனவு நடைமுறை, அரசியல் நியமனங்கள். வெளியே தனி நிறுவனம் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்தத் தனி நிறுவனம் முதலில் செய்வது வந்தாறுமூலையின் நல்ல விரிவுரையாளர்களை இரட்டைச் சம்பளத்துக்கு இழுப்பதாகத்தான் இருக்கும். வேறு எங்கிருந்து வருவார்கள்? கட்டணம் கட்ட முடியாத பெரும்பான்மைப் பிள்ளைகளுக்கு இருந்த ஆசிரியர்களும் போய்விடுவார்கள்.

அமெரிக்காவிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து நிலைத்த உதவி ஒன்றும் நம் கண்முன் இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகளில் ஹரி மில்லர் 1948இல் வந்தவர். புனித மிக்கேல் கல்லூரியில் கற்பித்தார், போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் விபரங்களைத் தாய்மாரிடம் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார், 2019இன் முதல் நாளில் இங்கேயே காலமானார். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யூஜின் ஹீபேர்ட் அடிகள் 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், வந்து சேரவில்லை. அவர்கள் கொண்டுவந்தது ஊரோடு ஒட்டிய ஆயுள். பல்கலைக்கழகத்துக்கு உதவ வருகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பதும் ஆண்டுக் கணக்கில் நிற்கும் மனத்தைத்தான்.

ஆகவே என் ஆதரவு இந்த வடிவத்துக்கு: இங்கே பதிவு செய்த ஓர் அறக்கட்டளை, அறங்காவலரில் பெரும்பான்மையினர் இந்த மாவட்டத்தில் வசிக்கும் தமிழரும் முஸ்லிம்களுமாக, பெண்கள் பாதியாக, முதலைத் தொட எவருக்கும் உரிமை இல்லை, கணக்கு ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடப்படும். அது கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை செய்து, எல்லாப் பீடத்து முதலாம் ஆண்டு மாணவருக்கும் பொதுவான ஒரு கருத்தரங்கு ஆண்டை நடத்தட்டும். வகுப்புக்குப் பதினைந்து பேர், வாரம் ஒரு கட்டுரை, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதும் பயிற்சி. அமெரிக்கக் கல்லூரிகளில் கற்பித்த நம்மவர்கள் வருடம் ஒருவராக வந்து, இங்குள்ள இளம் விரிவுரையாளர்களுக்கு அந்த வகுப்பை நடத்தும் விதத்தைப் பழக்கட்டும். பட்டம் அரச பட்டமாகவே இருக்கும்; வேலைக்குப் போகும்போது அங்கீகாரம் கேட்டு அலைய வேண்டியதில்லை. கட்டடம் இப்போதைக்கு வேண்டாம். முதல் ஆண்டுப் பணத்தில் பாதி விடுதிக்கும் பயணத்துக்கும் போகட்டும். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை என்னும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாறுமூலைக்கு வரும் பிள்ளை பின்னேரக் கருத்தரங்கில் இருந்து பேச வேண்டுமானால், அன்றிரவு தங்க ஓர் அறை வேண்டும்.