மூன்றடுக்குக் கூரையும் கோணி நிற்கும் கூடமும்

மலாக்காவில் 1748ஆம் ஆண்டில் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலுக்குக் குவிமாடம் இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருங்கிச் செல்லும் மூன்று கூரைகளே அதன் முடி. மாணவரை அங்கு அழைத்துச் செல்வோர் பலர் இம்மூன்றுக்கும் ஒரு பொருள் கூறுவர். ஈமான், இஸ்லாம், இஹ்சான் என்னும் மூன்று நிலைகளை இவை குறிக்கின்றன என்பர். ஜாவாவின் டெமாக் பெரிய பள்ளிவாசலைக் குறித்தும் இவ்விளக்கமே வழங்குகின்றது. கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும், கட்டியவன் கருத்தும் இதுவே என்று சொல்லத் துணியலாமா?

மேலை ஜாவாவை அடுத்த பாந்தன் பெரிய பள்ளிவாசலுக்குக் கூரை ஐந்து. அதற்கு இஸ்லாத்தின் ஐந்து கடமைகள் என்று விளக்கம் தருவர். மூன்றாயின் மூன்றுக்கேற்ற பொருள்; ஐந்தாயின் ஐந்துக்கேற்ற பொருள்! எண்ணைக் கண்ட பின்னரே பொருளைத் தேடினர் என்று ஐயுற இடமுண்டன்றோ? அடுக்குக் கூரை, இஸ்லாம் வேரூன்றுமுன்பே அத்தீவுகளில் வழங்கிய வடிவம். பாலித் தீவின் மேருக்களை இன்றும் காணலாம். மழைநீர் விரைந்து வடியவும், வெப்பக் காற்று அடுக்குகளின் இடைவெளி வழியே வெளியேறவும் அவ்வடிவம் உதவுகின்றது.

அதனால் மக்கள் கூறும் பொருளைப் பொய்யென்று தள்ளிவிட வேண்டா. தலைமுறை தலைமுறையாகத் தொழுதவர்கள் தம் நெஞ்சில் உள்ளதைக் கூரையின்மேல் ஏற்றிக் கண்டார்கள். அதுவும் அப்பள்ளிவாசலின் வரலாறே. தொழுவோர் தந்த பொருளைத் தச்சன் தந்ததாக வகுப்பில் எழுதிப் போடுவதுதான் பிழை.

குவிமாடத்தின் கதை இன்னும் வியப்பானது. குவிமாடம் இல்லையேல் பள்ளிவாசலே அன்று என எண்ணுவோர் இன்று பலர். சிங்கப்பூரில் 1824இல் கட்டத் தொடங்கிய பழைய சுல்தான் பள்ளிவாசலுக்கும் அடுக்குக் கூரையே இருந்தது. இன்று நாம் காணும் பொன்னிறக் குவிமாடங்களை வரைந்தவர் டெனிஸ் சான்றி என்னும் ஐரோப்பியக் கட்டடக் கலைஞர். வேலை 1932இல் நிறைவுற்றது. அக்குவிமாடங்களின் அடியில் கரிய வளையம் ஒன்று தெரியும். அருகிற் சென்று நோக்கினால் அது கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்களால் ஆனது என்பது விளங்கும். ஏழை முஸ்லிம்களும் திருப்பணியில் பங்கு பெறவேண்டுமென்று அவர்களிடம் திரட்டியவை என்பது வழிவழி வந்த செய்தி. என்னைக் கேட்டால், குவிமாடத்தின் பொன்னைவிட இப்புட்டி வளையமே மிகுதியாகப் பேசுகின்றது என்பேன். அதன் பொருள் வடிவில் இல்லை, கொடுத்த கையில் இருக்கின்றது.

இனி நம் முன்னோர் கட்டியதற்கு வருவோம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1826இல் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசல், சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கின்றது. இன்றுள்ள கட்டடம் 1830க்கும் 1835க்கும் இடையே முடிந்தது. வாயிலின் இருபுறமும் ஏழு நிலைகளைக் கொண்ட எண்கோண மினாராக்கள். நடுவே சின்னஞ்சிறு கதவுகளும் சாளரங்களும் அமைந்த பொம்மை அரண்மனை போன்றதொரு முகப்பு. உள்ளேயோ ஐரோப்பியப் பாணித் தூண்கள். வழிகாட்டி நூல்கள் இதனைக் "கலவை நடை" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. இது புறத்தே நின்று பார்ப்பவன் சொல். கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் கல்தூண் மண்டபங்களாகவே பள்ளிவாசல்கள் எழுந்தன. உருவங்களை நீக்கிப் பூவும் கொடியும் செதுக்கினர். உள்ளூர்க் கைத்திறனைத் தொழுகைக்கு ஏற்றபடி ஆளும் அம்மரபிலிருந்து வந்தவனுக்கு இவ்வாயில் கலவையாகத் தோன்றியிராது; கடல் கடந்து வந்த இடத்தில் தன் ஊரைக் கண்ட மகிழ்ச்சியே தோன்றியிருக்கும். இதற்கு ஆவணச் சான்று காட்ட இயலாது, என் ஊகமே.

ஊகம் வேண்டாத செய்தியும் அங்கு ஒன்று உண்டு. வாயில் தெருவின் போக்கிற்கு ஒத்து நிற்கின்றது. தொழுகைக் கூடமோ மக்காவின் திசை நோக்கித் தெருவுக்குக் கோணலாகத் திரும்பியிருக்கின்றது. நகர அளவையாளர் வகுத்த கோட்டுக்கு வாயிலைக் கொடுத்தார்கள், கூடத்தைக் கொடுக்கவில்லை. மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், மினாராவின் நிலைகளை எண்ணச் சொல்லுமுன், அவர்களை வாயிற்படியில் நிறுத்தி அந்தக் கோணலைப் பார்க்கச் செய்யலாம்.