நன்னூலார் கூறும் மாணாக்கர் மௌனம்

முதுகலை மாணாக்கர் சிலர் ஆசிரியர் முன்னிலையிற் கூடி ஒரு நூற்பகுதியை ஆராயும் சிறுகுழு வகுப்பில், இருவர் பேச எஞ்சியோர் வாளா இருத்தலை நாம் நாளும் காண்கின்றோம். அம்மௌனத்தை அடக்கம் எனப் போற்றுவார், 13ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் துணைக்கொள்வர். ஓவியப் பாவைபோல் அடங்கிச் செவியையே வாயாகக் கொண்டு மாணாக்கன் கேட்க வேண்டும் எனப் பவணந்தியார் விதித்தார் என்பது அவர்தம் வாதம். அது விதியின் ஒரு கூறே என்பது எம் கருத்து.

அந்நூற்பாவிலேயே, ஆசிரியர் சொல் என்றவழிச் சொல்லுதலும் கூறப்பட்டுளது. மேலும், அது பாடங் கொள்ளும் முறையை உரைப்பது. நூலைப் பயிலும் முறையை அடுத்த நூற்பா தனியே உரைக்கின்றது. தக்காரோடு கூடிப் பயிலுதல், வினாவுதல், வினாவியவற்றிற்கு விடை கூறுதல் ஆகியவை ஆண்டுக் கடன்களாக எண்ணப்படுகின்றன. ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொள்ளினும் புலமையின் காற்கூறே எய்தும். உடன்பயில்வாரால் ஒரு காலும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரையும் நிரம்பும் என அவர் வகுத்த கணக்கும் இதனை வலியுறுத்தும். ஆகவே, புலமையின் முக்காற்கூறு வாய் திறத்தலைச் சார்ந்ததாகும்.

அங்ஙனமாயின் வாளா இருப்பார் அனைவரும் குறையுடையரோ எனின், அல்லர். இறையனார் களவியலுரை கூறும் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. சங்கப் புலவர் 49 பேரும் உரைத்த உரைகளின் தகுதியைத் தேர்ந்தவன் உருத்திரசன்மன். அவன் ஐந்தாண்டுச் சிறுவன், மூங்கை. மருதன் இளநாகனார் உரைத்தபோது ஒரோவிடத்தும், நக்கீரனார் உரைத்தபோது சொல்தோறும், கண்ணீர் வார மெய்ம்மயிர் சிலிர்த்தான். இது நிகழ்ந்ததாயினும் புனைந்ததாயினும், கேட்டலையும் அவையிற் பங்காகக் கொண்ட மரபினை இது காட்டுகின்றது. ஆதலின் மாணாக்கன் எத்துணை முறை பேசினான் என எண்ணி மதிப்பெண் இடுதல் முறையன்று.

எனினும், உருத்திரசன்மனின் மௌனம் குறிப்பால் விடை கூறிற்று. அஞ்சி அடங்கினார் மௌனம் யாதும் கூறுவதில்லை. அவ்வச்சத்தை மாணாக்கன் குறையாக மட்டும் கொள்ளலாகாது. வினாவுதல் அவன் கடனாயின், வினாவ இடங்கொடுத்தல் ஆசிரியர் கடனாகும். சொல் எனப் பணிக்கும் பொறுப்பை நன்னூலார் ஆசிரியர்பாலே வைத்தார். அடங்கியிருப்பானைப் பழிக்கும் முன், அவனை நோக்கி அச்சொல்லைக் கூறி, அவன் விடை கூறுங்காறும் பொறுத்திருத்தல் ஆசிரியராவார்க்கு இன்றியமையாதது என்க.