நாலாம் பாதத்து மூட்டைப்பூச்சி

சமஸ்கிருதத்தில் தனித்து நிற்கும் ஒற்றைப் பாடலைச் சுபாஷிதம் என்பார்கள். நன்றாகச் சொல்லப்பட்டது என்று பொருள். நான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கும் மூன்று பாடல்களும் அனுஷ்டுப் சந்தம்: பாதத்துக்கு எட்டு அட்சரம், நாலு பாதம், மொத்தம் 32. அதற்குள் ஒரு உலகத்தையே கட்டிச் சிரிக்கவும் வைத்துவிடுகிறார்கள்.

முதல் பாட்டு தோத்திரம் போலத்தான் கிளம்புகிறது. லட்சுமி தாமரையில் துயில்கிறாள், சிவன் இமயத்தில், திருமால் பாற்கடலில். கை கூப்பத் தோன்றும் நேரத்தில் நாலாம் பாதம் காரணம் சொல்கிறது: எல்லாம் மூட்டைப்பூச்சிக்குப் பயந்துதானாம்! இதில் 'மன்யே' என்று ஒரு சொல் வருகிறது. 'என்று எண்ணுகிறேன்' என்று பொருள். தற்குறிப்பேற்ற அணியைக் காட்டிக்கொடுக்கும் சொற்கள் என்று காவியாதர்சத்தில் தண்டி பட்டியல் போடும்போது முதலில் வைப்பது இதைத்தான். பெரிய கற்பனைகளுக்கு முன்னே கட்டியம் கூறும் சொல் இங்கே ஒரு பூச்சியை அழைத்து வருகிறது. பூ, பனி, கடல் என்று மூன்று படுக்கை சொன்ன கவி, கட்டிலைப் பற்றி மூச்சே விடவில்லை. அந்தக் கட்டிலில் இரவெல்லாம் புரண்டவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றும்.

இதே சிவனையும் திருமாலையும் இன்னொரு கவி எடுத்துக்கொண்டார். சம்சாரம் சாரமற்றது என்று வேதாந்தி போல ஆரம்பித்து, சாரம் ஒன்று உண்டு, அது மாமனார் வீடு என்கிறார். இமயமாகிய இமவான் பார்வதியின் தகப்பன். லட்சுமியோ பாற்கடலில் பிறந்தவள். ஆக, இரண்டு பேரும் வீட்டோடு மாப்பிள்ளைகள்! புராணத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், இருக்கிற உறவுமுறையை மட்டும் நினைவூட்டிச் சாதித்துவிட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு உயிர். ஏழை ஒருவன் ராஜாவிடம் போய், நாம் இருவருமே லோகநாதர்கள் என்கிறான். சபை அதிர்ந்திருக்கும். அடுத்த அடியில் இலக்கணம் வந்து காப்பாற்றுகிறது. ராஜா ஆறாம் வேற்றுமைத் தொகை: லோகத்தின் நாதர். இவன் பஹுவ்ரீஹி, அதாவது நம் அன்மொழித்தொகை: லோகத்தாரையே நாதராகக் கொண்டவன், ஊரார் கையை நம்பிப் பிழைப்பவன். சொல் ஒன்றுதான், பிரிக்கிற விதத்தில் ஒருவன் சிம்மாசனத்திலும் ஒருவன் தெருவிலும் இருக்கிறான்.

இன்னும் நெருங்கிப் பாருங்கள். தொடக்கத்தில் ராஜாவை 'த்வம்', நீ என்கிறான். முடிக்கும்போது 'பவான்', தாங்கள். இரண்டு வரிக்குள் சமமாக நிமிர்ந்து, பிறகு பணிகிறான். அதோடு, பஹு என்றால் நிறைய, வ்ரீஹி என்றால் நெல். நிறைய நெல் உள்ளவன் என்பதே அந்தத் தொகையின் பெயர்! வீட்டில் ஒரு படி அரிசி இல்லாதவன் 'நான் பஹுவ்ரீஹி' என்று சொல்லி நிற்பதைக் கேட்டால் சிரிப்போடு தொண்டையும் அடைக்கிறது.

'பொற்றொடி வந்தாள்' என்று அன்மொழித்தொகை நடத்தும் தமிழாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கரும்பலகையில் முதலில் 'லோகநாதன்' என்று எழுதிவிட்டு, இந்த ஏழையின் கதையைச் சொல்லுங்கள்.